லிஃப்ட் பக்கத்துச் சுவர்

எனக்கு மறதி கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, என் மனைவி இதை ஒரு வியாதி என்றுதான் சொல்வாள். திருச்சி தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரியில், தரைத்தளத்தில் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுவர் இருக்கிறது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் வண்டியை முந்தின கிராஸிலேயே திருப்பிவிடுவேன். அந்தக் கட்டடத்தின் போர்டைப் பார்த்தாலே வயிறு எரியும்.

அப்போது நான் சொந்தமாக அலுவலகம் வைத்திருந்தேன். கட்டடத்துக்குள் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், வயரிங் எல்லாம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். ஆர்க்கிடெக்ட் கம்ப்யூட்டருக்குள் முழுக் கட்டடத்தையும் எழுப்பி அனுப்புவார். அதற்குள் நான் என் குழாய்களை ஓட்டுவேன். அவருடைய மென்பொருள் ஒன்று, என்னுடையது வேறொன்று. அதனால் எதிலும் திறக்கும்படியான ஒரு பொது வடிவத்தில் ஃபைலை மாற்றித் தருவார்கள். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத, உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட திறந்த தரம் அது. ஒழுங்காக மாற்றிக் கொடுத்தால், ஒரு சுவரின் மேல் மவுஸை வைத்ததுமே அது செங்கல்லா கான்கிரீட்டா, மேல்தளத்தின் சுமையைத் தாங்குகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒழுங்காகக் கொடுத்தால்.

அந்த ஆஸ்பத்திரியின் ஆர்க்கிடெக்ட் ஒழுங்காகக் கொடுக்கவில்லை. அவரை நான் 'அவர்' என்று எழுதுவது என் வளர்ப்பினால், மரியாதையினால் அல்ல. ஃபைலைத் திறந்தால் எல்லாச் சுவரும் ஒரே சாம்பல் நிறம். எதைத் தொட்டாலும் 'பொருள்' என்று மட்டும் வந்தது. சுவர் என்றுகூட அது சொல்லவில்லை. கொடுத்த மாதிரியும் ஆயிற்று, கொடுக்காத மாதிரியும் ஆயிற்று. நான் போன் செய்து கேட்டேன். எல்லாம் ஃபைலிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று போனை வைத்துவிட்டார்.

லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் கடைசி நேரத்தில் ஒரு தூணை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகச் சுமை தாங்கும் கான்கிரீட் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அந்த மாற்றத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் அதைச் செங்கல் சுவர் என்று நினைத்து அதன் வழியே குழாய்களை விட்டேன். தளத்தில் பூச்சு வேலை முடிந்திருந்த சுவரில், என் படத்தில் இருந்தபடியே மிஷினை வைத்துத் துளை போட்டார்கள். உள்ளிருந்த கம்பிகள் அறுந்தன. கட்டடத்தின் பலத்துக்குப் பொறுப்பான ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஓடி வந்து வேலையை நிறுத்தினார். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியைக் கட்டுவித்த டாக்டர் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து, யார் தப்பு என்று கேட்டார்.

ஆர்க்கிடெக்ட் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "ஃபைல்ல எல்லாம் குடுத்திருக்கேன் டாக்டர். இவருக்குப் படம் படிக்கத் தெரியலைங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். சர்க்கரையை மறைத்த நோயாளியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். திருச்சியில் டாக்டர்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்வார்கள். அதற்கப்புறம் எந்த ஆஸ்பத்திரி வேலையும் என் பக்கம் வரவில்லை. கொஞ்ச காலம் லால்குடி பக்கம் கல்யாண மண்டபங்களுக்குக் குழாய் போட்டுக் கொடுத்தேன். பிறகு அலுவலகத்தை மூடிவிட்டு, கட்டுமான வேலைகளை மேற்பார்வை பார்க்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்கே ஒன்றை மனதில் வைத்துக்கொண்டேன். எப்போதாவது ஒருநாள் அந்த டாக்டருக்கு முன்னாலேயே உண்மை வெளியே வர வேண்டும். ஆர்க்கிடெக்ட் தலைகுனிய வேண்டும். எனக்கு வேறு ஆசை இருந்ததாக ஞாபகமில்லை.

அந்த டாக்டர் ஸ்ரீரங்கத்தில் இன்னொரு ஆஸ்பத்திரி கட்ட ஆரம்பித்தபோது, தெய்வம் கண்ணைத் திறந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆர்க்கிடெக்ட் அதே ஆள். மேற்பார்வைக்கு எங்கள் கம்பெனியைப் பிடித்தது டாக்டரின் மகள். அவருக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. நிர்வாகம் படித்துவிட்டு வந்தவர். நாளைக்கு ஒரு வால்வு பழுதானால் அது எந்தச் சுவருக்குள் இருக்கிறது என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும், யாரையும் கெஞ்சக் கூடாது என்றார். ஃபைல் எல்லாம் திறந்த தரத்தில்தான் வர வேண்டும், அதைச் சோதிக்கும் பொறுப்பு உங்களுடையது என்று என்னிடம் கொடுத்தார். என் கையில் பிரம்பைக் கொடுப்பது அவருக்குத் தெரியாது.

இப்போது அந்தத் தரத்தோடு இன்னொரு வசதியும் வந்துவிட்டது. ஃபைலில் என்னென்ன தகவல் இருந்தே தீர வேண்டும் என்பதை விதிகளாக எழுதி வைத்துவிடலாம். வருகிற ஃபைலைக் கம்ப்யூட்டரே சோதித்து, தகவல் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு என்று காட்டிவிடும். கெஞ்சுவது, சமாளிப்பது எதுவும் அதனிடம் செல்லாது.

முதல் விதியை எழுதினேன். ஒவ்வொரு சுவரும் சுமை தாங்குமா தாங்காதா என்று சொல்லியாக வேண்டும். அது நியாயமான விதி. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம், ஆனால் நிறுத்தவில்லை. கதவுத் தாழ்ப்பாள் எந்த உலோகம், கைகழுவும் தொட்டி தரையிலிருந்து எவ்வளவு உயரம், படிக்கட்டுக் கைப்பிடிக்கு என்ன பெயிண்ட் என்று தோன்றியதையெல்லாம் எழுதினேன். தாழ்ப்பாள் வரைக்கும் வேண்டுமா சார் என்று டாக்டரின் மகளே கேட்டார். ஆஸ்பத்திரியாச்சே அம்மா, எதையும் விடக் கூடாது என்று முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு சொன்னேன்.

முதல் ஃபைல் வந்தது. திரை முழுக்கச் சிவப்பு. அன்றைக்குச் சாப்பிட்ட தயிர்சாதம்கூட விருந்தாக இருந்தது. 'விதிகளுக்கு உட்படவில்லை, திருத்தி அனுப்பவும்' என்று ஒரே வரியில் பதில் போட்டேன். அடுத்ததும் சிவப்பு, அதற்கடுத்ததும் சிவப்பு. ஆர்க்கிடெக்ட்டின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்வாள், எந்தெந்த இடத்தில் விடுபட்டிருக்கிறது என்று பணிவாகக் கேட்பாள். எல்லாம் அறிக்கையிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளம்மா என்பேன். நான் அடித்த அடி முதலாளி முதுகில் விழாமல் அந்தப் பெண் முதுகில்தான் விழுந்துகொண்டிருந்தது. அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. இருந்தும் கை ஓயவில்லை.

ஒருநாள் வந்த ஃபைல் முழுக்கப் பச்சையாகிவிட்டது. நம்பாமல் மறுபடியும் சோதித்தேன். ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. ஒவ்வொரு சுவரும் தன் கதையைச் சொன்னது, ஒவ்வொரு தாழ்ப்பாளும் தன் உலோகத்தைச் சொன்னது. என் இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒரு சுத்தமான ஃபைலை நான் பார்த்ததில்லை. அழிக்க நினைத்த ஆளை நானே உட்கார்ந்து திருத்தித் தேறவைத்திருந்தேன். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரம் ஸ்ரீரங்கத்தில் கூட்டம். டாக்டரும் வந்திருந்தார். மகள் ஃபைலைத் திரையில் போட்டு, ஒரு சுவரைத் தொட்டு, பார்த்தீர்களா அப்பா என்று காட்டினார். டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆர்க்கிடெக்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரும் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், எங்கள் அலுவலகத்தில் எப்போதுமே இப்படித்தான் கொடுப்போம் டாக்டர் என்றார்.

கூட்டத்தில் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. எழுந்தே நின்றுவிட்டேன்.

"எப்பவும் இப்படிக் குடுக்கல டாக்டர். தில்லை நகர் ஆஸ்பத்திரிக்கு இவர் குடுத்த ஃபைல்ல ஒரு சுவருக்குக்கூடப் பேர் இல்ல. நான் கேட்டும் சொல்லல. லிஃப்ட் பக்கத்துச் சுவர்ல கம்பி அறுந்தது அதனாலதான். எனக்குப் படம் படிக்கத் தெரியாம இல்ல."

ஆர்க்கிடெக்ட் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் இவ்வளவு காலமாகக் காத்திருந்தேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"லிஃப்ட் பக்கத்துலயா? ஏதோ தண்ணி ஒழுகுச்சே, அதுவா? அதைத்தான் அப்பவே சரி பண்ணிட்டாங்களே." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஆமா, நீங்க அந்த வேலையில இருந்தீங்களா?"

இருந்தேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மகள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

வெளியே நான் வண்டியை எடுக்கும்போது ஆர்க்கிடெக்ட் பின்னாலேயே வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். யாருமில்லை.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. அந்த ஃபைலை நான் திறந்துகூடப் பாக்கல. பயத்துல உங்க மேல தள்ளிட்டேன்."

"இதை உள்ள வச்சு சொல்லியிருக்கலாமேங்க," என்றேன்.

"டாக்டருக்கே ஞாபகம் இல்ல. இனிமே கிளறி என்னங்க ஆகப்போவுது?"

ஆனால் ஆர்க்கிடெக்ட்டுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இந்த ஊரிலேயே அந்தச் சுவரை மறக்காதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் போலிருக்கிறது. நான் கேட்க ஏங்கிய வார்த்தையை, கேட்க ஆளில்லாத இடமாகப் பார்த்துச் சொல்லிவிட்டு, என் தோளை வேறு தட்டினார். என் பாழும் வாய் என்னைக் கேட்காமலே "பரவாயில்லைங்க சார்" என்றது. காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை அந்த வாயைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குச் சீக்கிரமே போய், அடுத்த கட்டத்துக்கான விதிகளை எழுத உட்கார்ந்தேன். சுவர்களைத் தொடவில்லை, அதில் அவர் இனிமேல் தவற மாட்டார். ஜன்னல்களில் ஆரம்பித்தேன்.