காற்று இல்லாமல் இறுகும் பசை

“வாப்பா மவுத்தாகிட்டாங்க. லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்.” வத்தேகமவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பசைக்கடை ஹனிபா நானாவின் மகன் எங்கள் வாசலில் நின்றபடியே சொன்னான். பனி இன்னும் விலகவில்லை. அவன் போன பிறகுதான் உட்காரச் சொல்லவில்லையே என்று நினைத்தேன்.

கண்டியில் தரைக்கு டைல்ஸ் ஒட்டியவர்கள் நானாவை அறிவார்கள். பசை கேட்டுப் போனால் பத்துக் கேள்வி கேட்டுக் கழுத்தறுப்பார். “பசையைப் பொறகு பார்ப்போம், தரையைப் பத்திச் செல்லுங்க” என்பார். அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை பொய் சொன்னேன்.

எங்கள் வீடு மலையை வெட்டிக் கட்டியது. அதன் அடியில், பாதி மண்ணுக்குள், ஓர் அறை. தமிழர்களைத் தேடித் தாக்கிய கலவரத்தின்போது நானும் மனைவி சரஸ்வதியும் மூன்று நாள் அங்கே ஒளிந்திருந்தோம். அதன் ஒரே சன்னல் வழியே கால்கள் ஓடுவதைப் பார்த்தோம். பிறகு அவளே செங்கல் அடுக்கி அந்தச் சன்னலை அடைத்தாள். மேலே படுக்க வரவே இல்லை. யுத்தம் நீண்டது, வருடங்கள் கனவுபோல் நகர்ந்தன, அவள் கீழேயே உறங்கினாள். தரை எந்நேரமும் வியர்த்தது. அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது. தரை காயாவிட்டால் நெஞ்சு தாங்காது என்றார் டாக்டர். ஈரத்தை மறைக்க டைல்ஸ் ஒட்ட முடிவு செய்தேன்.

அப்படி ஓர் அறை இருப்பதை நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. அதனால் கடையில் “குளியலறைச் சுவருக்கு” என்றேன். நானா வாளியில் வரும் தயார்ப் பசையைக் கொடுத்தார். ஒரு மாதத்தில் டைல்ஸ் காலடியில் நழுவின. வெட்கத்தோடு உண்மையைச் சொன்னேன்.

நானா கோபப்படவில்லை. வந்து, டைல்ஸைப் பெயர்த்து, தரையில் ஒரு பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் மூவரும் குந்தியிருந்து பார்த்தோம். பொலித்தீனின் அடிப்பக்கம் முழுக்க நீர்முத்துக்கள். மலை உறக்கத்தில் மூச்சுவிடுவதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்ததாக ஞாபகம்.

பெயர்த்த டைலின் அடியில் பசை இன்னும் வெண்ணெயாக இருந்தது. நானா அதை விரலில் தேய்த்தார். “இது காய காத்து வேணும் தம்பி. இங்க காத்து எங்க ஈக்கி?”

நான் சரஸ்வதி மேல் எரிந்து விழுந்தேன். “கேட்டியா? சன்னலைத் தொறன்னு எத்தனை வருசமா சொல்றேன்! இப்ப யாரு வரப் போறா?”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினாள்.

நானா அவளைத்தான் பார்த்தார். “தங்கச்சி, சன்னல் அப்படியே ஈக்கட்டும். நாங்க பசையை மாத்துவோம்.”

முதலில் நீர் தடுக்கும் பூச்சு. அது இறுகிய பின் சீமெந்துப் பொடிப் பசை. “இது தண்ணியோட சேர்ந்து தானே இறுகும். காத்தைத் தேடாது” என்றார். வாசல் வரை போய், “நீங்களாவது சொல்லியிருக்கலாமே” என்று முணுமுணுத்தேன். “அவங்கட பயத்தைக் கழட்ட எனக்கு ஏலா தம்பி. அதோட ஒட்டுற சாமானைத் தேடலாம்” என்றார்.

தரை இறுகியது. இழுப்பு தணிந்தது. சரஸ்வதி வெறுங்காலோடு அங்குமிங்கும் நடந்து சிரித்தாள்.

அடக்கம் முடிந்து வந்துதான் நானா போய்விட்டதை அவளிடம் சொன்னேன். தரையில் உட்கார்ந்து அழுதாள். “அவரு ஒருத்தர்தான் என்னைய தொறக்கச் சொல்லல” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. செங்கற்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. யார் வரப் போகிறார்கள் என்று நான் இப்போது கேட்பதில்லை. நானாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, திறக்கச் சொல்லாத அந்த மௌனம். அதையும் அவர் கொடுத்துப் பல வருடம் கழித்தே எடுத்துக்கொண்டேன்.