ஆமைக்குப் போர்த்திய துண்டு

டால்பின் பார்க்கப் போகும் படகுக்காக நானும் மகளும் அந்த வளைகுடாக் கரையில் காத்திருந்தோம். செத்து ஒதுங்கிய ஓர் ஆமையைச் சுற்றி நின்று பலர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உப்பு கலந்த அந்த வீச்சம் என்னைச் சின்ன வயதுக்கு இழுத்துப்போனது.

கள்ளக்குறிச்சியில் அத்தாவுக்குத் துணிக்கடை. இறந்தவருக்குப் போர்த்தும் கபன் துணி கேட்டு யாராவது வந்தால் லாபம் வைக்க மாட்டார். கத்தரியைத் தொடாமல் கையாலேயே கிழிப்பார். அந்தச் சத்தம் கேட்டால் தெருவில் நாங்கள் விளையாட்டை நிறுத்திவிடுவோம்.

ஒரே ஒரு முறை எங்களைக் கடல் பார்க்கக் கடலூருக்கு அழைத்துப்போனார். அங்கும் இப்படித்தான் ஓர் ஆமை கிடந்தது. பிள்ளைகள் அதைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தார்கள். அத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினார்.

“இன்னாங்க, புதுத் துண்டுங்க அது,” என்றாள் அம்மா.

“இருக்கட்டும். இத்தினி பேரு பாத்துக்கினு நிக்கிறாங்க. மூடாம வுட்டா நல்லாவா இருக்கு?”

ஊர் திரும்பும்வரை அம்மா அவரிடம் பேசவில்லை.

சில வருடங்களில் அத்தா மவுத்தானார். எங்கள் கடையிலிருந்தே கபன் துணி வந்தது. சித்தப்பா அதை அளந்தபோது உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

“ஒரு முழம் ஜாஸ்தியாவே கிழிங்க.”

“மா, போட் கிளம்புது,” என்று மகள் கூப்பிட்டாள். அவள் குளிப்பதற்காக வாங்கிவைத்திருந்த பெரிய துண்டைப் பையிலிருந்து எடுத்து ஆமையின் மேல் விரித்தேன். தலையும் கால்களும் மூடிய பிறகும் ஒரு முழம் மிச்சமிருந்தது.