மழைமானிக்குப் பொட்டு

செயற்கைக்கோள் சொல்லும் மழையும் தரையில் பெய்யும் மழையும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. சின்னாளபட்டியில், தறி ஓடும் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலும் ஒரு மழைமானி வைத்திருந்தேன். மேலே புனல், அடியில் பாட்டில், அவ்வளவுதான். வானத்தில் சுற்றும் அந்தப் பெரிய மனிதர் உயர்ந்த மேகங்களின் மழையைச் சரியாகச் சொல்லிவிடுவார். சிறுமலை ஓரம் தாழ்ந்து வரும் மேகத்தின் தூறல் மட்டும் அவர் கண்ணில் படாது. இதைக் காட்டிக்கொடுத்தது எங்கள் மாடிதான். என் ஆய்வேட்டின் உயிரே அதில்தான் இருந்தது.

ஆயுத பூசையன்று அம்மா தறிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த கையோடு மாடியேறி, மழைமானிக்கும் வைத்து, புனலைச் சுற்றிச் செவ்வந்திச் சரமும் போட்டுவிட்டாள். சாயங்காலம் நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் சரம் நழுவிப் புனலை அடைத்திருந்தது. பாட்டில் காலி, தண்ணீர் மேலேயே நின்றது. வந்த கோபத்தில் அம்மாவை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். பிறகு பூவை எடுத்து, தண்ணீரை இறக்கி அளந்தேன். நடந்ததை ஆய்வேட்டில் அப்படியே எழுதினேன்.

வேண்டாம், அந்த நாளையே எடுத்துவிடு என்றார் என் நெறியாளர். பெய்த மழையை எப்படி எடுப்பது? மாட்டேன் என்று நின்றேன்.

வாய்மொழித் தேர்வில் அவர் பயந்தபடியே ஆயிற்று. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு நாள் பூ விழுந்தால் மற்ற நாட்களில் என்னென்ன விழுந்ததோ, இந்த மாடியை நம்பிச் செயற்கைக்கோளைக் குறை சொல்லலாமா என்று கேட்டார். பொதுவில் நடக்கும் தேர்வு, யாரும் பேசலாம். நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் சுங்குடிச் சேலையோடு அம்மா எழுந்துவிட்டாள்.

"பூ வச்சது நான்தாங்கய்யா. அந்த ஒருநாளுதான். மத்த நாள்ல இவ எங்கள அதுகிட்டயே விடமாட்டா. வத்தல் காயப்போடக்கூட நான் பக்கத்து வீட்டு மாடிக்குத்தான் போறேன்."

அரங்கமே சிரித்தது. தேர்வாளரும் சிரித்தார். பூ விழுந்ததையே மறைக்காதவள் வேறெதை மறைக்கப்போகிறாள் என்று சொல்லி, என் முடிவை ஏற்றுக்கொண்டார். அம்மாவைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த ஆயுத பூசைக்கு அவள் தறிக்கு முன்பாக மாடிக்குத்தான் ஏறினாள். மழைமானிக்குப் பொட்டு மட்டும் வைத்தாள். செவ்வந்திச் சரத்தை என் தலையில் வைத்துவிட்டாள்.