பழுதில்லாத வீடு

என் தங்கை வீட்டுக்காரரைத் தெருவே ஃபிட்டர் என்றுதான் சொல்லும். சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருக்கிறது. நான் மட்டும் தம்பி என்பேன். கடல் கடந்த நாட்டில், ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் அவருக்கு வேலை. மேலே விருந்தாளிகள் குளிக்கிற வெந்நீரெல்லாம் இவர் கையைத் தாண்டித்தான் ஏறிப் போகும். மோட்டார் அறை, வால்வு வரிசை, ஸ்பேனர்களைப் பெரிசு சிறிசாகத் தொங்கவிட்டிருக்கும் சுவர், எல்லாவற்றையும் போனில் எனக்குக் காட்டியிருக்கிறார். "இதான்க்கா என் ராஜ்ஜியம்" என்பார். அந்த ராஜ்ஜியத்தில் பேருக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

தங்கையும் அவள் மகளும் மாடியில். கீழே என் ஜெராக்ஸ் கடை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருடைய சங்கதி என் மெஷின் கண்ணாடிமேல் படுத்து எழுந்துதான் போகிறது. யாரிடமும் நான் மூச்சு விட்டதில்லை. இந்த ஒரு சங்கதியை மட்டும் அடக்கிவைக்க முடியவில்லை. வயிறு எரிகிறது, சொல்லிவிடுகிறேன்.

அவர் லீவில் வருவது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. நடுவில் மாடியில் எது கெட்டுப்போனாலும் என் தங்கை அதைத் தொடவிடமாட்டாள். குளியலறைக் குழாயைத் துணி சுற்றிக் கட்டிவைப்பாள். சமையலறைக் கதவை இரண்டு கையாலும் தூக்கித்தான் சாத்த வேண்டும். காலிங்பெல்லை அமுக்கினால் அடிக்காது, பக்கத்தில் சுவரைத் தட்டினால் அடிக்கும். வருகிற ஆளுக்கெல்லாம் அதை விளக்கிச் சொல்லி என் தொண்டை வறண்டுபோகும்.

"தெருமுனையில ப்ளம்பர் ஈ ஓட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். கூப்பிட்டா என்னடி?" என்பேன்.

"அவரு வந்து பாப்பாரு" என்பாள். அவ்வளவுதான். தலைகீழாக நின்றாலும் வேறு பதில் வராது.

போனிலும் அதே கதை. மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டி என்னென்னவோ பேசுவார்கள். இவர் எடுத்ததும் கேட்பது, "வீட்டுல எதெல்லாம் மக்கர் பண்ணுது?" இவளும் ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். மாடி மோட்டார் முனகுகிறது, ஃப்ளஷ் டேங்க் நிற்கவே மாட்டேன் என்கிறது. அவர் அங்கிருந்தே ஆராய்ச்சி செய்வார். இதுகளுக்கு வேறு பேச்சே கிடையாதா என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

இருந்தது. வேறு பேச்சும் இருந்தது. அது ஏணியில் இருந்தது.

வந்து இறங்கிய மறுநாளே ஒரு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஏணியைச் சாத்திவிடுவார். ஏணியைப் பிடிக்க இவள். அவர் மேலே நின்று ஒரு திருகைத் திருகிக்கொண்டே கேட்பார், "ஆமா, உன் பல்லு வலி என்னாச்சு?" இவள் கீழே நின்றுகொண்டே பல் வலியில் தொடங்கி, மகள் காலேஜில் அழுத கதை, எதிர்வீட்டோடு போட்ட சண்டை, தனியாகக் காய்ச்சலில் கிடந்த நாள் வரைக்கும் அத்தனையும் கொட்டுவாள். அவரும் போனில் மூச்சு விடாத இடுப்பு வலியை அங்கேதான் சொல்வார். முகம் பார்க்காமல் பேசுவதில் இரண்டு பேருக்கும் அவ்வளவு வசதி. நான் மாடிப்படி அடியில் பேப்பர் அடுக்கிக்கொண்டே எல்லாம் கேட்பேன். ஒட்டுக் கேட்கவில்லை. காதில் விழுந்தால் நான் என்ன செய்ய? ஒரு பல்ப் மாற்றக் காலையில் ஏறினவர் மத்தியானம்தான் இறங்குவார்.

இப்படியே காலம் ஓடியது. மகள் படித்து முடித்து ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். போன தடவை லீவுக்கு முன்னால் ஃபிட்டர் போனில் ஒரு விஷயம் சொன்னார். ஹோட்டலில் ஒப்பந்தம் முடிகிறது. விரும்பினால் இன்னும் ஒரு தவணை நீட்டிப்பார்கள், இல்லையென்றால் கணக்கை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடலாம். லீவு முடிவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"நீ என்ன சொல்ற?" என்று கேட்டிருக்கிறார்.

"வாங்க, நேர்ல பேசிக்கலாம்" என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "வந்துட்டாருன்னா நல்லா இருக்கும்க்கா" என்றாள். அவள் வாயிலிருந்து ஆசை என்று ஒன்று வந்து நான் கேட்டது அன்றுதான். மறுநாளே பீரோவில் பாதியைக் காலி செய்தாள். இத்தனை வருஷம் லீவுக்கு வந்தால் அவருக்குத் துணிமணி எல்லாம் பெட்டியிலேயேதான். எடுப்பார், உடுத்துவார், துவைத்து மறுபடி பெட்டியில் வைப்பார். இந்தத் தடவை பீரோவில் அடுக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர வாயைத் திறந்து சொல்லவில்லை. கல்லுளிமங்கி!

மகளுக்கு வேறு யோசனை. "அப்பாவோட லீவு பூரா ஏணி மேலயே போயிடுது பெரியம்மா. இந்தத் தடவையாவது மனுஷன் காலை நீட்டி உட்காரட்டும்" என்று என்னிடம் சொன்னாள். சொன்னதைச் செய்தும்விட்டாள். ப்ளம்பர் வந்தான், எலக்ட்ரீஷியன் வந்தான், கதவுக்கு ஆள் வந்தான். அவர் வருவதற்கு முதல் நாள் காலிங்பெல்லை அமுக்கிப் பார்த்தேன். அடேயப்பா, தெருக்கோடி வரைக்கும் கேட்டது. தங்கை முதலில் வேண்டாம் என்றுதான் இழுத்தாள். அப்புறம், அவருக்குத்தானே இடுப்பு வலி என்று பேசாமல் இருந்துவிட்டாள். அந்தப் பெண்ணை நான் ஒரு சொல் குறை சொல்லமாட்டேன். அப்பா மேல் உயிரையே வைத்திருக்கிறவள் செய்கிற காரியம்தான் அது.

வந்தார். மறுநாள் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்பேனரும் கையுமாக வீட்டைச் சுற்றினார். குளியலறைக் குழாயைத் திறந்தார், மூடினார். ஒரு சொட்டு விழவில்லை. சமையலறைக் கதவை ஒரு விரலால் தள்ளினார், தானாகச் சாத்திக்கொண்டது. ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் நிரம்பி நின்றது.

"யாரு பாத்தது?"

"ப்ளம்பர்தான்ப்பா. நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள் மகள், முகமெல்லாம் சிரிப்பாக.

மனசு கேட்காமல் ஒரு குழாயைக் கழற்றி வாஷரைப் பார்த்தார். திரும்ப மாட்டினார். "நல்லாத்தான் பண்ணியிருக்கான்" என்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. அவர் ஒரு நாற்காலி, இவள் ஒரு நாற்காலி. டாக்டர் கூப்பிடக் காத்திருப்பவர்கள் மாதிரி எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். "டீ போடட்டுமா?" என்பாள் இவள். "இப்பத்தானே குடிச்சேன்" என்பார் அவர். பேச்சு அதோடு சரி. மகள் வேலைக்குப் போனதும் அவர் மெதுவாக மாடியிறங்கி என் கடைக்கு வந்துவிடுவார். என் மெஷின் பேப்பரைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. ரோலரைக் கழற்றித் துடைத்துப் போட்டார். ஷட்டருக்கு எண்ணெய் விட்டார். என் கடையில் மனுஷன் சிரித்தார், பாட்டு முணுமுணுத்தார். மாடியேறினால் வாயில் பூட்டு.

ஒருநாள் நேராகவே கேட்டேன். "என்ன தம்பி முடிவு பண்ணீங்க?"

"அவ என்ன சொல்றான்னு பாக்கலாம்க்கா."

"அவளுக்கு நீங்க வந்துடணும்னு ஆசை. என்கிட்ட சொன்னா."

"உங்ககிட்ட சொன்னாளா? என்கிட்ட சொல்லட்டும்க்கா." ஷட்டர் கொக்கியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "நான் இல்லாமலே வீடு நல்லா ஓடுது. நல்ல விஷயம்தான்."

எனக்கு மூக்குக்குமேல் கோபம். விறுவிறுவென்று மாடி ஏறினேன். "ஏண்டி, வந்துடுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்குல இருக்கிற முத்தெல்லாம் உதிர்ந்துடுமா?"

"நான் சொல்லி அவரு வந்து, நாளைக்கு உன்னாலதான் வந்தேன்னு ஒரு பேச்சு வந்தா? பெட்டியைக்கூட அவரு இன்னும் பிரிக்கலக்கா. பீரோ பக்கமே போகல. போகணும்னு இருக்கிறவரைப் பிடிச்சு வைக்கச் சொல்றியா?"

"பீரோவைக் காலி பண்ணி வெச்சிருக்கேன்னு சொன்னியா நீ?"

கொடியில் காயும் துணியை எடுக்க எழுந்து போய்விட்டாள். இதை என்னவென்று சொல்வது! இவள் வாயைத் திறக்கட்டும் என்று அவர். அவர் பெட்டியைத் திறக்கட்டும் என்று இவள். நடுவில் நான் மாடிக்கும் கடைக்கும் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

லீவு முடியப் போகிற சமயம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் மறுபடி கேட்டிருக்கிறார். "அப்ப ஹோட்டலுக்கு என்ன சொல்லட்டும்?" அவள் சோற்றைப் பார்த்துக்கொண்டே, "உங்க இஷ்டம்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் கை கழுவிவிட்டுப் போய்ப் போன் செய்தார். இன்னும் ஒரு தவணை இருப்பதாகச் சொல்லிவிட்டார். இவள் "நல்லது" என்றாளாம். நல்லதாம்! அவர் போன மறுநாள் போய்ப் பார்க்கிறேன், காலியாக இருந்த பாதி பீரோவில் போர்வைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அடுக்கினதையே கலைத்துக் கலைத்து அடுக்கினாள். நான் அப்படியே இறங்கி வந்துவிட்டேன்.

மகளுக்கு இதெல்லாம் பிறகுதான் உறைத்தது. அப்பாவுக்குப் போன் போட்டு, "உங்களுக்கு ஓய்வு கிடைக்கட்டும்னுதான்ப்பா எல்லாம் பண்ணேன்" என்று அழுதாள். "தெரியும்மா, அதுக்கென்ன" என்று அவளைச் சமாதானம் செய்திருக்கிறார். தவணை ஓடியது. அவர் லீவுக்கும் வரவில்லை. மாடியில் இப்போது எது கெட்டாலும் மகள் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுவிடுகிறாள். தங்கை தடுப்பதில்லை. போனில் சொல்ல ஒன்றும் இல்லாததால் பேச்சு சீக்கிரமே முடிந்துபோகும்.

போன வாரம் மத்தியானம் கடையில் நான் ஒரு கட்டு பேப்பரை மெஷினில் செருகிக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டார். கை காலியில்லை, ஸ்பீக்கரில் போட்டேன். இந்தத் தவணையும் முடியப் போகிறது என்று எனக்குத் தெரியும். விடுவேனா?

"இந்தத் தடவையாவது வர்றீங்களா, இல்ல அந்த மோட்டார் ரூம்லயே குடியிருக்கப் போறீங்களா? இன்னமும் அந்த ப்ளம்பர் மேலதான் கோபமா?"

சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "கோபமெல்லாம் இல்லக்கா. குழந்தை எதுக்குப் பண்ணுச்சுன்னு அன்னைக்கே புரிஞ்சுது. ஆனா கையில வேலை இல்லாம அவ எதிர்ல உட்கார்ந்தேன் பாருங்க, என்ன பேசறதுன்னே தெரியல. எத்தனை வருஷக் குடும்பம்! பெண்டாட்டிகிட்ட பேசத் தெரியல. பயந்துட்டேன்க்கா. வந்து சேர்ந்துட்டு மிச்சக் காலம் பூரா ரெண்டு பேரும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கணுமான்னு பயந்துட்டேன். அவளுக்கு நான் எதுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு போனை எடுத்தது. எனக்கு டீ கொண்டுவந்த என் தங்கை. எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள், ஒன்றும் தெரியாது. டம்ளர் மேஜைமேல் ஆடிக்கொண்டிருந்தது.

"எனக்கு நீங்க வேணுங்க" என்றாள். "குழாய்க்கு இல்ல, கதவுக்கு இல்ல. சும்மா வேணும். பேசலன்னா பரவால்ல. எதிர்ல உட்கார்ந்திருங்க, போதும்."

மெஷின் அந்த நேரம் பார்த்துப் பேப்பரைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

"அடுத்த தவணைக்கு நேத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

பாவி மனுஷா! யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் 'உங்க இஷ்டம்' என்றுதானே வரும் என்று, வழக்கம்போல நினைத்துப் போட்டுவிட்டார்.

இவள் அழவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "சரி" என்றாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"சொல்லத் தெரியலங்க."

"இன்னொரு தடவை சொல்லு."

என் தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அக்கா பக்கத்துல நிக்கிறா" என்றாள், கல்யாணமான புதுசில் சொல்வதைப் போல.

என் கடை, என் போன், ஆனாலும் வெளியே போக வேண்டியது நான்தான். போனேன். வெயிலில் நின்றுகொண்டு, ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பெண்ணிடம் மெஷின் ரிப்பேர், அப்புறம் வாங்க என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து, என்னாச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். உள்ளே தங்கை இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அவர் வர இன்னும் ஒரு முழுத் தவணை இருக்கிறது.