மாமியாரின் டிராக்டருக்கு ஒரு புது லீவர்

என் மாமியார் டிராக்டர் ஓட்டுவார். ரஞ்சன்காவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையைத் தாண்டி உள்ளே போனால் அவருடைய ஊர். மாமனார் போன பிறகு நிலத்தைத் தனியாகவே பார்த்துக்கொள்கிறார். அவர் மராத்தி, நான் போபோடியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கல்யாணமான புதிதில் எங்களுக்குள் பேச்சு அதிகம் கிடையாது. நாங்கள் குடியிருக்கும் நிக்டியிலிருந்து நானும் கணவரும் ஞாயிற்றுக்கிழமை போவோம். சாப்பிட்டாயா என்பார், சாப்பிட்டேன் ஆயி என்பேன். அதோடு சரி.

போன கோடையில் அவர் யாரிடமும் கேட்காமல் பழைய டிப்பர் டிராலி ஒன்றை வாங்கிவிட்டார். எருவை மண்வெட்டியால் தள்ளித் தள்ளி இடுப்பு போய்விட்டதாம். ஆனால் அந்த டிராலி தானாகக் கவிழ வேண்டுமானால், டிராக்டரிலிருந்து எண்ணெய் அழுத்தத்தோடு வர வேண்டும். எங்கள் டிராக்டரின் பம்பு கலப்பையைத் தூக்கும், இறக்கும், அவ்வளவுதான். எண்ணெயை வெளியே அனுப்ப அதில் வாயே இல்லை.

"ஆயி, இந்த வண்டியைத் தள்ளிவிட்டுப் புதுசு எடுத்துக்கலாம்" என்றார் என் கணவர்.

"அப்படியே புதுசா ஒரு அம்மாவும் எடுத்துக்கோ" என்றார் மாமியார். பிறகு, பொண்ணே என்று மராத்தியில் அழைத்தபடி என் பக்கம் திரும்பினார். "போரி, நீ கம்பெனியில இந்த எண்ணெய் மெஷினுங்கதானே பார்க்கிற? இதுக்கு வழி இருக்கா?"

ஹைட்ராலிக் பிரஸ்களைப் பழுது பார்ப்பது என் வேலை. அதைப் பற்றி அவர் கேட்டது அன்றுதான் முதல் தடவை. "இருக்கு ஆயி" என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

கலப்பையைத் தூக்கும் லிஃப்டுக்குப் போகும் எண்ணெய்ப் பாதையில் ஒரு மூடித்தட்டு இருந்தது. அதைக் கழற்றிவிட்டு அங்கிருந்து குழாய் இழுத்து, லீவர் வைத்த ஒரு வால்வைப் பொருத்துவது என் திட்டம். லீவரை இழுத்தால் எண்ணெய் டிராலிக்கு, மறுபக்கம் தள்ளினால் டிராலியிலிருந்து திரும்ப. விட்டால் பழையபடி கலப்பைக்கு. வேண்டிய சாமானை போசரிக் கடைகளில் தேடிப் பிடித்தேன். விஷயத்தைக் கேள்விப்பட்டதும், வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, ஸ்பேனர் பையோடு வந்து நின்றார். வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்குச் சலித்துப் போயிருந்தது.

லீவரை எங்கே வைப்பது என்பதில் அவருக்கும் மாமியாருக்கும் தகராறு. அப்பா இடப்பக்க மட்கார்டில் வைக்கலாம் என்றார், குழாய் நேராக வருமாம். மாமியார் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, வலது கையைத் தொங்கவிட்டார். கை போய் நின்ற இடத்தைத் தட்டிக் காட்டி, அப்பாவை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டார்.

"பாவு, ஓட்டப் போறது நீங்களா நானா?"

அப்பா என்னைப் பார்த்துத் தமிழில், "இன்னாமா, உங்க மாமியார் எங்க ஃபோர்மேனுக்கு மேல இருக்காங்க" என்றார். வலப்பக்கமே வைத்தோம்.

மத்தியானம் டிராலியின் குழாயை மாட்டி, காலியாக ஒரு சோதனை பார்த்தோம். மாமியாரே லீவரை இழுத்தார். டிராலியின் தளம் முனகிக்கொண்டு மேலே எழுந்தது. அண்டை வீட்டுக்காரர்கள் வேலி ஓரம் நின்று கைதட்டினார்கள். கீழே இறக்க லீவரை மறுபக்கம் தள்ளினார். தளம் அசையவில்லை. மறுபடி தள்ளினார். ஆகாயத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றது.

நான் இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். நிறுத்திய கையோடு இறங்கி, எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்க்க நேரே தளத்துக்குக் கீழே குனிந்தார்.

"கீழ போகாதீங்க! வெளிய வாங்க!"

கத்தியது நான்தான், அதுவும் தமிழில். மராத்தியோ ஹிந்தியோ வாயில் வரவில்லை. அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் சட்டென்று பின்வாங்கி வெளியே வந்துவிட்டார். வேலி ஓரத்தில் கைதட்டல் நின்றிருந்தது. மருமகள் மாமியாரை அதட்டிவிட்டாளே என்று எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"உனக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்குன்னு சொல்லவே இல்லையே" என்றார் மாமியார். அவர் சிரித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அதன் பிறகு யாரும் அவசரப்படவில்லை. பக்கவாட்டில் நின்றபடியே தடித்த மரக்கட்டைகளை அண்டை கொடுத்துத் தளத்தைத் தாங்க வைத்தோம். பிறகு குழாயைப் பார்த்தேன். இணைப்பு முழுசாக உட்காரவில்லை. மேலே போகும் எண்ணெய் எப்படியோ புகுந்துவிட்டது, திரும்பி வரும் வழி அடைத்துக்கொண்டது. அழுத்தம் இருக்கும்வரை இணைப்பை உள்ளே தள்ளவும் முடியாது. அப்பா ஓரமாக ஜாக் வைத்துத் தளத்தை ஒரு மயிரிழை தூக்கினார். பாரம் ஜாக்குக்கு மாறியது, நான் அழுத்தினேன், 'டக்' என்று இணைப்பு உட்கார்ந்தது. மாமியாரை இன்ஜின் போடச் சொல்லி, தளத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, கட்டைகளை எடுத்தோம். இந்த முறை லீவரைத் தள்ளியதும் தளம் சாதுவாகக் கீழே வந்து படுத்தது.

மாலையில் எரு ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போனோம். மாமியார் டிராலியை இடம் பார்த்து நிறுத்தி, எங்கள் எல்லோரையும் தூரமாகப் போகச் சொல்லி, லீவரை இழுத்தார். தளம் எழுந்தும் முதலில் எரு நகரவில்லை. பிறகு மொத்த எருவும் ஒரே சரிவாகப் 'பொத்'தென்று விழுந்தது. சீட்டில் உட்கார்ந்தபடியே திரும்பி அந்தக் குவியலைப் பார்த்தார். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இன்னொரு நடை அடிக்கலாம்" என்றார்.

இறக்கத்தான் லீவர், ஏற்றுவதற்கு நாங்கள்தான். திரும்பி வந்ததும் எனக்கும் என் கணவருக்கும் ஆளுக்கொரு மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு, அப்பாவுக்குச் சாயா போட உள்ளே போனார்.