மூன்றாம் நம்பர் பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள்

முனியப்பன் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினால் தூக்கம் வரும். குறையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மனுஷருக்கு இதைவிடப் பெரிய பாராட்டை யாரும் கொடுத்துவிட முடியாது.

ஆனேக்கல் ரோட்டில் இருந்த ஒரு மோட்டார் பம்ப் கம்பெனிக்கு, தொழிலாளர்களை ஊரிலிருந்து ஏற்றிக்கொண்டு போக மூன்று பஸ்கள் இருந்தன. மூன்றாம் நம்பர் முனியப்பனுடையது. கம்பெனியுடையது என்று காகிதத்தில் இருக்கும், அதை விடுங்கள். காலை ஆறு பத்துக்கு ரிச்சர்ட்ஸ் டவுன் பார்க் ஓரத்திலிருந்து கிளம்பும். விவேக் நகர், ஆடுகோடி என்று ஆள் ஏற்றிக்கொண்டு ஓசூர் ரோட்டைப் பிடிக்கும். மற்ற இரண்டு பஸ்களிலும் சீட்டாட்டம், யூனியன் சண்டை, ஒரே ரகளை. மூன்றாம் நம்பரில் மடிவாளா வருவதற்குள் நாற்பத்தெட்டுத் தலையும் சாய்ந்துவிடும். ஒரு குலுக்கல் கிடையாது, திடீர் பிரேக் கிடையாது. முனியப்பன் மேலே இருக்கிற கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்வார். “நம்பிக்கை இல்லாட்டி எவன்யா தூங்குவான்?” என்பார், யாரும் கேட்காமலே.

1971இல் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். இருபத்தேழு வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சுகூட அவர் வண்டியில் அடிபட்டதில்லை. இதில் அவருக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, சம்பாதித்த கர்வம்தானே!

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. யார் ரிட்டயர் ஆனாலும் கடைசி நாள் சாயங்காலம் பஸ் அவரை ஸ்டாப்பில் இறக்கிவிடாது. முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகும், எந்தச் சந்துக்குள் இருந்தாலும் சரி. எல்லோரும் இறங்கி, அந்த வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் அப்புறம் அவரவர் ஸ்டாப். இதற்கு வாசல் டிரிப் என்று பெயர். முனியப்பன் அறுபது எழுபது பேரை அப்படி வாசலில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். தனக்கு இன்னும் இரண்டு வருஷம், உடம்பு சரியாக இருந்தால் கம்பெனியே கூட இரண்டு வருஷம் நீட்டித்துக் கொடுக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

1998 டிசம்பரில் ஒரு நாள். நல்ல பனி. பஸ் ஆடுகோடியைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல், “என்ன, சுப்புலக்ஷ்மி மேடம் வரலையா இன்னைக்கு?” என்றது.

முனியப்பன் கண்ணாடியில் பார்த்தார், முதல் சீட் காலி. சுப்புலக்ஷ்மி, கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை செய்கிறவர். விவேக் நகர் ஸ்டாப்பில் ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து நிற்கிற பெண்மணி. பஸ்ஸில் ஏறியதும் கதவுக்குப் பக்கத்து முதல் சீட்டில் உட்கார்ந்து, ‘குட்மார்னிங் முனியப்பா’ சொல்லிவிட்டுத் தூங்குகிறவர். இருபது வருஷமாக ஒரு நாள் தாமதம் இல்லை. அவர் நிற்காததால்தானே நிறுத்தாமல் வந்தோம்? நிற்கவில்லையா, இல்லை நமக்குத் தெரியவில்லையா?

சுப்புலக்ஷ்மி அரை மணி கழித்து ஆட்டோவில் வந்து இறங்கினார். கேட்டில் கேட்டவர்களிடம், “என் தப்புதான், எழுந்திருக்க லேட் ஆயிடுச்சு” என்றார். பக்கத்தில் நின்ற முனியப்பன் அதைக் கேட்டார். சுப்புலக்ஷ்மி அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அந்தப் பார்க்காமல் போனதிலேயே இவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

அதற்கப்புறம் வேகத்தைக் குறைத்தார். கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தார். தூரத்தில் வருவது லாரியா, பஸ்ஸா என்று முன்பெல்லாம் யோசித்ததே இல்லை. இப்போது யோசிக்க வேண்டியிருந்தது. வெளியே ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பஸ்ஸில் எல்லோரும் எப்போதும் போலத் தூங்கினார்கள். இவருக்குத்தான் வீட்டில் படுத்தால் தூக்கம் வரவில்லை.

ஜனவரியில் கண் டெஸ்ட் வந்தது.

இந்தக் கண் டெஸ்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கம்பெனி டாக்டர் அறையில் ஓர் எழுத்துப் பலகை மாட்டியிருக்கும். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. எல்லாம் இங்கிலீஷ். டிரைவர்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் எழுத்தே தெரியாது. கண் கழுகுக் கண்ணாக இருக்கும், எழுத்துக்குப் பெயர் சொல்லத் தெரியாமல் முழிப்பார்கள். ஃபெயில்! என்ன அநியாயம் பாருங்கள். அதற்குத்தான் அந்தக் காலத்தில் பெர்னார்ட் என்று ஒரு டிரைவர் வழி கண்டுபிடித்தார். விவேக் நகர் சர்ச்சில் கோரஸ் பாடுகிறவர். கடைசி வரி எழுத்துகளை அப்படியே ஜெபப் பாட்டு மாதிரி ராகம் போட்டு எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார். “டீ, ஈ, எஃப், பீ...” என்று டிரைவர் ரூமில் எவனை எழுப்பிக் கேட்டாலும் பாடுவான். பெர்னார்ட் ரிட்டயராகி, காலமும் ஆகிவிட்டார். பாட்டு மட்டும் நிலைத்துவிட்டது. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் அதைப் படிக்கவில்லை. கண் நன்றாக இருந்தவர்களுக்காகப் போட்ட பாட்டு அது.

முனியப்பன் தரையில் போட்டிருந்த கோட்டில் போய் நின்றார். டாக்டர் சேஷகிரி அந்த அறைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. காதில் போன். யாரிடமோ கன்னடத்தில் பேசிக்கொண்டே, படி என்று கையைக் காட்டினார். எதிர்ச் சுவரில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. முனியப்பன் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். சேஷகிரி போனைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்.

“இருபத்தேழு வருஷம் ஆக்ஸிடெண்ட் இல்லாத மனுஷன். உனக்கு எதுக்கு முனியப்பா டெஸ்ட்டு?” என்று ‘தகுதி உண்டு’ என எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்து உள்ளே போனவர் டொமினிக். நாற்பது வயது, இரண்டாம் நம்பர் பஸ் டிரைவர். ஐந்து நிமிஷத்தில் வெளியே ஓடி வந்தார்.

“முனியப்பண்ணே, கெட்டுச்சு போங்க! போர்டை மாத்திட்டாங்கண்ணே. எல்லாம் கன்னட எழுத்து. நம்ம ஆளுங்களுக்குப் படிக்க ஈஸியா இருக்கட்டும்னு டாக்டரே வாங்கி மாட்டியிருக்காரு. நல்லவேளை நமக்குக் கன்னடம் தெரியும். நீங்க எப்படிப் படிச்சீங்க?”

முனியப்பன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். சுவரில் கன்னடம் தொங்க, இங்கிலீஷ் பாடிவிட்டு வந்திருக்கிறார். டொமினிக்குக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. சிரிக்க வாயைத் திறந்தவர், அப்படியே மூடிக்கொண்டார்.

“நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேண்ணே” என்றார்.

“தெரியும்ப்பா. போ.”

அன்று சாயங்காலம் பஸ்ஸை எப்படி ஓட்டி வந்தாரோ, அவருக்கும் அவர் குலசாமிக்கும்தான் வெளிச்சம். இருபது கிலோமீட்டர் வேகத்தில் வந்தார். வீடு பாட்டரி டவுனில், பஸ் நிறுத்துகிற இடத்திலிருந்து பத்து நிமிஷ நடை. மனைவி சின்னத்தாயி, லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை முடித்து வந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முனியப்பன் அந்தக் காகிதத்தை அவள் பக்கத்தில் வைத்தார்.

“இன்னாய்யா இது?”

“ஃபிட்டுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க.”

“அப்ப மூஞ்சி ஏன் இப்படிக் கீது?”

எல்லாவற்றையும் சொன்னார். சுப்புலக்ஷ்மியை விட்டுவிட்டு வந்தது, பாட்டுப் பாடியது, எல்லாம். சின்னத்தாயி முறத்தைக் கீழே வைக்கவில்லை. நெருங்கிய உறவுக்காரர் செத்த செய்தி வந்தால்கூடக் கைவேலையை முடித்துவிட்டு அழுகிறவள் அவள்.

“இந்தக் காகிதம் இருந்தா நாலு வருஷம் ஓட்டலாம்” என்றார் முனியப்பன். “மெதுவா ஓட்டினா சமாளிச்சிக்கலாம். ரோடு எனக்கு மனப்பாடம். இன்னா சொல்றே?”

அவள் அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

“ஸ்டியரிங்கை விட்டா நான் யாரு சின்னத்தாயி? சொல்லு. வூட்டுல குந்திக்கினு இன்னா பண்ணுவேன்?” காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார், “நீயே சொல்லு. என் பஸ்ல நீ ஏறுவியா மாட்டியா?”

“ஏறுவேன். ஏன் ஏறாம? நீ ஓட்டுற வண்டி.” அரிசியைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். “ஆனா தூங்க மாட்டேன்யா.”

சின்னத்தாயி சோறு வடித்தாள். முனியப்பன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ்ஸைத் தொடவில்லை. விடிவதற்கு முன்னே கம்பெனிக்குப் போன் போட்டு மாற்று டிரைவரை அனுப்பச் சொல்லிவிட்டு, எல்லோரையும் போல ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்து போனார். நேராக டாக்டர் அறை. காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

“சார், நேத்து நான் படிச்சது பழைய போர்டு.”

சேஷகிரிக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது. சுவரைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். “ஐயோ! நானும் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேனே” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார், “யாருக்கும் தெரிஞ்சிருக்காதேப்பா. ஏன் வந்து சொல்றே?”

“பஸ்ல நாப்பத்தெட்டு பேர் தூங்கறாங்க சார்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு கதையும் சொல்கிறேன். பெரிய பெரிய நாற்காலியில் இருப்பவர்கள், காது கேட்காமல், கை நடுங்க நடுங்க, இன்னும் பத்து வருஷம் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறதை நாம் பார்க்காததா? கையில் ஃபிட் என்று எழுதிய காகிதத்தை வைத்துக்கொண்டு, நான் சரியில்லை என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். முனியப்பனுக்கு இருந்தது.

கண் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சர்க்கரை கண்ணுக்குப் போயிருக்கிறது என்றார்கள். இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது. கம்பெனியில் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். இரண்டு வருஷம் கேட்டில் உட்கார்ந்து வண்டி வருகிற நேரம் எழுது என்றார்கள். முனியப்பன் ஒரு நாள் யோசித்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “மூணாம் நம்பர் வெளிய போறதை டெய்லி குந்திக்கினு பார்க்க என்னால ஆவாது. சின்னத்தாயி வேலைக்குப் போறா. நான் வூட்டுல சோறு ஆக்கறேன்” என்றார். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

சுப்புலக்ஷ்மியிடம் போய், “அன்னைக்கு நீங்க லேட் இல்ல மேடம்” என்றார்.

“இருபது வருஷம் எனக்காக நிறுத்தினீங்க. ஒரு நாளைக் கணக்கு வைப்பேனா?” என்றார் அவர். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிப்ரவரி கடைசி சனிக்கிழமை. மாலை போட்டார்கள், பேசினார்கள். பஸ் பக்கம் வந்தபோதுதான் ஒரு சிக்கல். டிரைவருக்கு யார் வாசல் டிரிப் அடிப்பது? அதுவரை ரிட்டயரான டிரைவர்கள் எல்லோரும் கடைசி நாளும் தாங்களே ஓட்டிவிட்டு, வண்டியை நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போனவர்கள். பெர்னார்ட்கூட அப்படித்தான் போனார்.

“நான் ஓட்டறேன், ஏறுங்கண்ணே” என்றார் டொமினிக். மூன்றாம் நம்பர் இனி அவருக்குத்தான்.

“எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்? என் வூடு கடைசி ஸ்டாப்பு. வழியில எல்லாரையும் இறக்கிட்டுப் போ.”

“யாரும் இறங்கப் போறதில்ல. நீங்க ஏறுங்க” என்று சுப்புலக்ஷ்மி தன் முதல் சீட்டை விட்டுக்கொடுத்தார்.

முனியப்பனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பழக்கமே இல்லை. கழுத்தில் மாலை, வலது கால் மட்டும், பிரேக் இருக்கிற மாதிரி, கீழ்ப் பலகையை அமுக்கிக்கொண்டே வந்தது.

“டொமினிக், லெஃப்ட்ல ஆட்டோ.”

“பார்த்துட்டேண்ணே.”

“முன்னாடி லாரி பிரேக் லைட் எரியல போல.”

“எரியுதுண்ணே. நான் பார்த்துக்கறேன், நீங்க சும்மா வாங்க.”

பொம்மனஹள்ளியில் இன்னொரு தடவை சொன்னார். அப்புறம் சத்தத்தைக் காணோம். மடிவாளாவில் டொமினிக் மேலே இருக்கிற கண்ணாடியில் பார்த்தார். முனியப்பன் ஜன்னலில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். டிசம்பரிலிருந்து விட்ட தூக்கமெல்லாம் மொத்தமாக வந்திருக்க வேண்டும். டொமினிக் உடனே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அதற்கப்புறம் வீடு வரைக்கும் அவர் ஹாரனில் கை வைக்கவில்லை.

பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து சுப்புலக்ஷ்மி உதட்டில் விரல் வைத்தார். அன்றைக்கு அந்த பஸ்ஸில் வேறு ஒருவரும் தூங்கவில்லை. விவேக் நகரில் ஒருவரும் இறங்கவில்லை. பஸ் பாட்டரி டவுன் சந்து முனையில் வந்து, ஒரு குலுக்கல் இல்லாமல் நின்றது. சின்னத்தாயி தூக்கு நிறையக் காபியோடு ஓடி வந்தாள். படியில் ஏறிப் பார்த்தாள்.

“எழுப்பட்டுமாக்கா?” என்று டொமினிக் கிசுகிசுத்தார்.

“வேணாம் தம்பி. தூங்கட்டும்” என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். அப்புறம் ஜன்னல் ஜன்னலாகப் போய், ஒவ்வொரு டம்ளராகக் காபியை உள்ளே நீட்டினாள். எல்லோரும் சத்தமில்லாமல் வாங்கிக் குடித்துவிட்டு, அவர் எழுந்திருக்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.