போட்டுப் பார்க்காத கேசட்

பழைய டி.வி. வாங்கப் போனால், சுவிட்சைப் போட்டுவிட்டு மனசுக்குள் மெதுவாகப் பத்து வரை எண்ண வேண்டும். அதற்குள் முகம் தெரிந்துவிட்டால் பிக்சர் டியூப் நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் இழுத்தால் டியூப் களைத்துப் போயிருக்கிறது. பின்பக்க மூடியின் திருகாணிகளைப் பார்க்க வேண்டும். தலை மழுங்கியிருந்தால் பலமுறை கழற்றியிருக்கிறார்கள். மூலைகளில் பச்சையோ ஊதாவோ கறை போலத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வீடியோ டெக் வாங்கினால் கேசட்டை உள்ளே விட்டுவிட்டு, கரகரப்பு ஏதும் வருகிறதா என்று காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.

இதெல்லாம் மாயவரத்தில் ஒரு கடையில் ஒரே பகலில் நான் தெரிந்துகொண்டது. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். அன்று பஸ் ஏறும்போது ஒரு பெரிய பரீட்சை எழுதி முடித்தது போல இருந்தது.

என் வீட்டுக்காரர் அப்போது சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். எங்கள் ஊரில் குடும்பத்துக்கு ஒருவராவது அப்படிப் போயிருந்த காலம். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் போனவர், மூன்று வருஷமாகத் திரும்பவில்லை. பிள்ளை இல்லை. நானும் மாமியாரும்தான் வீட்டில். நாத்தனாரை அதே தெருவில் கட்டிக்கொடுத்திருந்ததால் பாதி நாள் அவளும் எங்கள் வீட்டில்தான் இருப்பாள்.

அவருடைய கடிதம் வந்தால் அது வீட்டுக்கே வந்த கடிதம். மாமியாருக்கு வாசிக்கத் தெரியாது. நாத்தனார்தான் கூடத்தில் நின்று உரக்க வாசிப்பாள். எனக்கென்று கடைசியில் ஒரு வரி இருக்கும். அதை அவள் வேண்டுமென்றே இரண்டு தடவை வாசித்துவிட்டு, "என்ன அண்ணி, இன்னொரு வாட்டி படிக்கட்டுமா?" என்பாள். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். போனும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் கடைத்தெரு டெலிபோன் பூத்துக்கு அவர் கூப்பிடுவார். அந்த நேரத்தில் சபையில் பாதிப் பேர் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். கதவு என்று பெயருக்கு ஒரு பலகை இருந்தது. நாலு பேர் கேட்க எனக்குப் பேச வராது. "சாப்பிட்டீங்களா", "நல்லாயிருக்கேன்", "அத்தைக்கு இருமல் தேவலை", அவ்வளவுதான் வரும்.

அந்த வருஷம் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தபோது, அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவர் லீவில் வந்தார். பக்கத்து ஊர்க்காரர். மாமியாருக்குத் தைலம், நாத்தனாருக்குச் சேலை என்று எடுத்து வைத்தார். மாமியார் காப்பி போட உள்ளே போனதும், பிரவுன் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

"வீடியோ கேசட்டுங்க அண்ணி. அண்ணன் பேசியிருக்காரு. முதல்ல நீங்க மட்டும் தனியாப் பாக்கணுமாம். டி.வி.யும் டெக்கும் வாங்கிக்கச் சொன்னாரு, பழசு போதும்னாரு."

பொட்டலத்தை என் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். தெருவில் இரண்டு வீட்டில் டெக் இருந்தது. ஆனால் யார் வீட்டில் டெக் ஓடினாலும் தெருவே போய் உட்கார்ந்துவிடும். அங்கே போய் எப்படிக் கேட்பது? அடுத்த வாரமே நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு மாயவரம் போனேன். தனியாகக் கடையில் நின்று பேச எனக்குத் தைரியம் கிடையாது. கேசட்டை வீட்டில் விட்டுவர மனமில்லாமல், பையின் அடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி எடுத்துப் போனேன்.

அப்போது கேபிள் பரவிய நேரம். வசதியானவர்கள் பெரிய டி.வி. வாங்கிக்கொண்டு பழையதைத் தள்ளிவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்து விற்றதும் சேர்ந்து, அந்தக் கடையில் தரையிலிருந்து மேல் வரை டி.வி.யாக அடுக்கியிருந்தது. கடைக்காரர் நல்ல மனுஷர். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். பத்து எண்ணும் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

நாத்தனார் ஒரு பெட்டியைக் காட்டி, "இது என்ன, எல்லாருக்கும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு?" என்றாள்.

"கலர் கூட வச்சிருக்கும்மா. குறைச்சுக்கலாம்."

"குறைச்சா வெளுத்துப்போயிடுவாங்க. எங்க அண்ணியைப் பாத்தீங்கள்ல, ஏற்கெனவே பேய் அறைஞ்ச மாதிரி நிக்குறாங்க. அவங்களுக்கு நல்ல கலரா ஒண்ணு எடுங்க."

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நான் திருகாணியைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன். ஏழு எண்ணுவதற்குள் படம் வந்த ஒரு டி.வி.யை எடுத்தோம். பிறகு டெக். கடைக்காரர் தன்னிடமிருந்த சினிமாக் கேசட் ஒன்றைப் போட்டுக் காட்டினார். நன்றாக ஓடியது.

"உங்ககிட்ட கேசட் ஏதும் இருந்தா குடுங்க. நம்ம கேசட்டு ஓடுறது பெரிசில்ல, வாங்குறவங்க கேசட்டு ஓடணும். போட்டுப் பாத்துடலாம்."

பை என் மடியில் இருந்தது. அதை இறுக்கிக்கொண்டேன்.

"இல்லைங்க" என்றேன். அன்று முழுவதும் நான் வாய்திறந்து சொன்ன வார்த்தை அநேகமாக அது ஒன்றுதான்.

"அப்ப ஒண்ணு சொல்லிடுறேன். கிராமத்துல வோல்டேஜ் இறங்கும். டி.வி. தாங்கிடும், டெக்கு தாங்காது. ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிக்கங்க."

"அதெல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம் வாங்க அண்ணி" என்று நாத்தனார் கிளம்பிவிட்டாள்.

எங்கள் ஊரில் வோல்டேஜ் இறங்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மும்முனைக் கரண்ட் வந்த நிமிஷம் வயலில் இருக்கிற மோட்டார்கள் அத்தனையும் ஓட ஆரம்பிக்கும். வீட்டு பல்பு நெருப்புத் துண்டு மாதிரி சிவந்துபோகும். தினமும் பார்ப்பதுதான். ஆனால் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு மணி நேரத்துக்காக நாலு நாள் காத்திருந்தவளுக்கு அது நினைவில் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் மாமியாரும் நாத்தனாரும் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனார்கள். தலைவலி என்று நான் நின்றுகொண்டேன். கதவைத் தாழ்போட்டு, சத்தத்தைக் குறைத்து, கேசட்டை உள்ளே விட்டேன்.

திரையில் அவர் வந்தார். இரும்புக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பின்னால் கொடியில் துணிகள் தொங்கின. மெலிந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை. யாரோ, "பேசுண்ணே, ஓடுது" என்றார்கள். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். என்னைப் போலத்தான் அவரும்.

"நல்லாயிருக்கியா?" என்றார். அப்புறம் கையைப் பார்த்தார். "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். பூத்துல கேக்க முடியல. நீ யோசிச்சு…"

படம் இரண்டு பக்கத்திலிருந்தும் சுருங்கியது. குரல் அடிவயிற்றிலிருந்து வருவது போல இழுத்தது. டெக்கின் விளக்கு அணைந்து, ஏறி, மறுபடி அணைந்தது. உள்ளே கரகரவென்று சத்தம். கரண்ட் சரியாகும்வரை கையை வைக்காமல் இருந்திருக்க வேண்டும். நான் பொத்தானை அமுக்கினேன். கேசட் பாதி வெளியே வந்து நின்றது. பிடித்து இழுத்தேன். நாடா கூடவே வந்தது, முழம் முழமாக, கசங்கி, ஓரிடத்தில் அறுந்து. மடியில் அள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன.

மறுநாள் ஞாயிறு. பூத்தில் மணி அடித்தது.

"கேசட்டு பாத்தியா?" என்றார்.

வெளிநாட்டில் தனியாக இருப்பவர்களுக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சட்டம் மாதிரி. கால் ஒடிந்தால் சுளுக்கு என்போம். சாவைக்கூடக் காரியம் முடிந்து பல நாள் கழித்துத்தான் சொல்வோம். நாடா அறுந்துபோனதையும் அப்படி ஒரு கெட்ட செய்தியாகத்தான் நினைத்தேன். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"பாத்தேன்."

"என்ன சொல்றே?"

என்ன கேட்டிருப்பார்? எதற்கும் பொருந்துகிற ஒரு பதிலைத் தேடினேன்.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அதையே செய்யுங்க."



"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை மாமியாரிடம் தைத்த ஜாக்கெட் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தனியாக மாயவரம் போனேன். கடைக்காரர் நாடாவைத் தூக்கிப் பார்த்தார். "ஒட்டிடலாம். ஆனா ஒட்டிட்டு ஓட்டிப் பாக்கணுங்க. அரை மணி உக்காருங்க" என்றார். கடையில் ஆண்கள் ஐந்தாறு பேர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரிய திரையில் அவர் வந்து, அத்தனை பேர் முன்னால், என்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்பாரா? "வேண்டாங்க" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஐப்பசி மழையில் பெட்டிக்குள் ஈரம் இறங்கி, நாடா முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துப்போனது.

அடுத்த வருஷம், கேசட் கொண்டுவந்த அந்த அறைக்காரர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டார். பார்க்க வந்தவர் மாமியாரோடு பேசி முடித்து, செருப்பு மாட்டும்போது என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "அன்னிக்குக் கேமராவைப் புடிச்சது நாந்தாங்க அண்ணி. வந்துடுங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அண்ணன் அப்பவே வந்திருப்பாரு. அங்க இருக்க முடியலன்னு அழுதாரு. உங்க பதிலைக் கேட்டதும் புதுக் காண்டிராக்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டாரு. என்னமோ, நீங்களும் குடும்பத்தை நெனச்சுத்தான் சொல்லியிருப்பீங்க."

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. வந்துடுங்க என்று சொல்ல வேண்டுமென்று ஒவ்வொரு வாரமும் பூத்துக்குப் போனேன். அதைச் சொன்னால், கேசட் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பலகைக் கதவுக்குப் பின்னால் யாராவது நின்றுகொண்டே இருந்தார்கள். நடுவில் ஒரு தடவை, மாமியார் இறந்தபோது, பத்து நாள் லீவில் வந்தார். சாவு வீட்டில் எங்களுக்குப் பேச இடமில்லை. அந்தக் கேசட் வந்து ஒன்பது வருஷம் கழித்து, சிறுநீரகம் கெட்டு, கம்பெனியே டிக்கெட் எடுத்து அனுப்பிய பிறகுதான் வீட்டுக்கு வந்தார். பிள்ளை பெறும் வயது எனக்குத் தாண்டிக்கொண்டிருந்தது.

வந்தபின் பெரும்பாலும் டி.வி. முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். என்னிடம் கோபமாக ஒரு சொல் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு மனுஷியிடம் பேசுவது போல மரியாதையாகப் பேசுவார். அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

அவர் இருந்தபோது ஒருநாள் சாயங்காலம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தோம். வீட்டில் வேறு யாரும் இல்லை. இன்று சொல்லிவிடுவது என்று அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். "அந்தக் கேசட்டு" என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதை ஏன் இப்ப? நீ அன்னிக்குச் சொன்னது சரிதான். வந்திருந்தா தங்கச்சிக்கு செஞ்சது, அம்மாவுக்கு வைத்தியம், இந்த வீடு, ஒண்ணும் நடந்திருக்காது. எனக்குத்தான் அப்ப புத்தியில்ல. நீ யோசிச்சுச் சொன்னே. அதை நெனச்சுத்தான் அத்தனை வருஷமும் அங்க ஓட்டினேன்."

அது கேசட்டைப் பார்க்காமலே சொன்ன பதில் என்று எப்படிச் சொல்வது? அவர் பிடித்துக்கொண்டு இருந்ததே அந்த ஒன்றைத்தான்.

"செய்தி வருது. சத்தம் கொஞ்சம் கூட்டு" என்றார்.

எழுந்து போய்க் கூட்டினேன்.